தாய்மலை அடிவாரத்தில் ஒரு பால் ஊர்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



போன மாசக் கூட்டத்தில் தலைவி அக்கா என்னைப் பார்த்து, "நீங்கதான் ஆஸ்திரேலியா போயிட்டு வந்திருக்கீங்களே, ஆண்டு விழாவுல அதைப் பத்தி பத்து நிமிஷம் பேசுங்க" என்று சொன்னாங்க. நான் போனது ஊர் சுத்திப் பார்க்க இல்லீங்க. மூத்த மகள் கான்பெராவில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். அவளுடைய பிரசவத்துக்குப் போனேன். மூணு மாசத்தில் பாதி நாள் குழந்தைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டறதும் பத்தியச் சாப்பாடு செய்யறதுமாகவே போச்சு. சிட்னியில் இருக்கிற பாலம், சங்கு மாதிரி கூரை போட்ட அரங்கம் எல்லாம் காட்டினாங்க. அதெல்லாம் நீங்க டிவியிலேயே பார்த்திருப்பீங்க. நான் இன்னைக்குச் சொல்லப் போறது சென்ட்ரல் டில்பா என்கிற ஒரு சின்ன ஊரைப் பத்தி. நம்ம ஊராட்சியில் ஒரு குக்கிராமத்தில் இருக்கிற ஆள்கூட அங்கே இருக்காது. ஆனா அங்கே ஒரு பால் சொசைட்டி இருந்தது. அதுதான் விஷயம்.

குழந்தைக்கு ரெண்டு மாசம் முடிஞ்ச பிறகு, மாப்பிள்ளை ஒரு சனிக்கிழமை எல்லாரையும் காரில் ஏத்தினார். கான்பெராவிலிருந்து மலை இறங்கி, கடலோர நெடுஞ்சாலையைப் பிடிச்சு தெற்கே போகணும். குழந்தைக்குப் பால் கொடுக்க நிறுத்தி நிறுத்திப் போனதில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆச்சு. வழியெல்லாம் தைல மரக் காடு. நம்ம ஊட்டி தைல மரத்துக்கு அதுதான் தாய் வீடு. அதில் ஒரு ஜாதிக்கு மரம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும். அடியில் குட்டிப் பனை மாதிரி ஒரு செடி. பர்ராவாங் என்று பெயர். அதனுடைய கொட்டை விஷம். ஆனா அங்கத்திய பூர்வகுடிப் பெண்கள் அதை இடிச்சு, நாள்கணக்கில் தண்ணியில் ஊற வைச்சு, விஷத்தை இறக்கிட்டு ரொட்டி மாதிரி சுட்டுச் சாப்பிட்டிருக்காங்க. எத்தனை தலைமுறை சோதிச்சுப் பார்த்து அதைக் கண்டுபிடிச்சாங்களோ.

காட்டைத் தாண்டினதும் பச்சைப் பசேலென்று மேடு மேடாகப் புல்வெளி. நடுவில் ஒரு பெரிய மலை. அந்த மலைச் சரிவில்தான் டில்பா. ரெண்டு ஊர் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று டில்பா டில்பா, இன்னொன்று சென்ட்ரல் டில்பா. ஒரே பேரை ரெண்டு தடவை சொல்றதைக் கேட்டதும், நம்ம ஊரில் கூப்பிட்டா திரும்பாத பையனை ரெண்டு தடவை கூப்பிடுவோமே, அந்த ஞாபகம் வந்தது.

சென்ட்ரல் டில்பா என்பது மொத்தமே ஒரு தெருதான். மேட்டில் ஏறி வளைஞ்சு போகிற தெரு. ரெண்டு பக்கமும் பலகைச் சுவர் வைத்த வீடுகள், கடைகள். எல்லாம் 1890களில் கட்டினது. மேலே தகரக் கூரை. ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை, சுவருக்கு மஞ்சள், ஊதா என்று வண்ணம் அடிச்சு வச்சிருக்காங்க. நான் மகளிடம் கேட்டேன், "என்ன சாமி, இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்து தகரக் கொட்டகையைக் காட்டறே?" என்று. நம்ம ஊரில் தகரம் போட்ட வீடு என்றால் பொண்ணு கொடுக்க யோசிப்பாங்க. அங்கே அந்தத் தகரத்தையும் பலகையையும் பாரம்பரியம் என்று சட்டம் போட்டுக் காப்பாத்தறாங்க. தேசிய அறக்கட்டளை என்ற அமைப்பு அந்த ஊரையே பாதுகாக்கப்பட வேண்டிய ஊர் என்று பட்டியலில் சேர்த்திருக்கிறது. இஷ்டத்துக்கு இடிச்சு மாடி எழுப்ப முடியாது.

ஊர் இப்படியே நிற்பதற்கு நெடுஞ்சாலையும் ஒரு காரணம். அது ஊருக்குள்ளே நுழையாமல் ஒதுங்கிப் போகுது. சாலை உள்ளே வந்திருந்தால் பெட்ரோல் பங்கும் லாரி நிறுத்தமும் வந்து பழைய கடையெல்லாம் என்றைக்கோ போயிருக்கும். பைபாஸ் வந்தா ஊர் செத்துப் போகும் என்று நாம சண்டை போடறோம். இந்த ஊருக்கு அதுவே பிழைப்பாகிப் போச்சு. எல்லா ஊருக்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்ல வரலை.

தெருவில் ஒரு மிட்டாய்க்கடை, தோல் சாமான் கடை, மரக் கைவேலைக் கடை, ரொட்டிக் கடை, 1895லிருந்து நடக்கிற ஒரு விடுதி. சனிக்கிழமை காலையில் ஊர்ப் பொதுக் கூடத்தில் சந்தை. அந்தக் கூடத்துக்குப் பேரே 'பெரிய கூடம்'தான். அங்கே போனதும்தான் எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. பெண்கள் மேசை போட்டு ஜாம், ஊறுகாய், பின்னல் துணி, பூச்செடி நாத்து, காய்கறி வச்சு விற்கிறாங்க. அப்படியே நம்ம மகளிர் திட்ட மேளாதான். ஒரு வயசான அம்மா எலுமிச்சம்பழத்தில் செஞ்ச இனிப்புத் தொக்கு வச்சிருந்தாங்க. பாட்டில் மூடிக்குத் துணி கட்டி, கையால எழுதின சீட்டு ஒட்டியிருந்தது. நான் மகளை விட்டு, "சீட்டில் தேதி போட்டிருக்கீங்களா, எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்கச் சொன்னேன். அந்தம்மா சிரிச்சுட்டு, "இவங்களும் செய்யறவங்கதானே?" என்று திருப்பிக் கேட்டாங்களாம். நம்ம குழுவில் மாங்காய்த் தொக்கு போட்டு பூஞ்சை பிடிச்சு நாப்பது பாட்டில் கொட்டின கதையை நான் சொல்லலை. வெளிநாட்டுக்குப் போய் அதை எதுக்குச் சொல்லணும்?

இப்ப பால் விஷயத்துக்கு வர்றேன்.

தெருவில் ஒரு கட்டடம் சீஸ் தொழிற்சாலை. சீஸ் என்றால் நம்ம பிள்ளைங்க பீட்சாவில் சாப்பிடறாங்களே, அந்தப் பாலாடைக் கட்டி. அந்தத் தொழிற்சாலை 1891ல் ஆரம்பிச்சது. ஆரம்பிச்சது ஒரு முதலாளி இல்லீங்க. அக்கம்பக்கத்து மாட்டுக்காரங்க சேர்ந்து கூட்டுறவாக ஆரம்பிச்சது. இதைக் கேட்டதும் நான் வெளியே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்துட்டேன். மாப்பிள்ளையிடம் சொன்னேன், "எனக்கு மத்தது எதையும் காட்ட வேண்டாம். இதைப் பத்தி எழுதியிருக்கிறதை எல்லாம் படிச்சு தமிழில் சொல்லுங்க." பாவம், அவர் ரெண்டு நாள் எனக்குப் படிச்சுச் சொன்னார். அவர் சொன்னதும் அங்கே நான் கண்ணால் பார்த்ததும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தக் கடலோரத்தில் அந்தக் காலத்து வாழ்க்கை எப்படி இருந்தது என்றால், வீட்டுக்கு வீடு மாடு. விடிகாலையில் கறந்த பாலை அகலமான தட்டங்களில் ஊத்தி ஆற வைப்பாங்க. மேலே படிகிற ஏட்டை மறுநாள் கரண்டியால் எடுத்து, கடைஞ்சு வெண்ணெய் ஆக்கி, உப்புப் போட்டு, மரப் பீப்பாயில் அடைச்சு, சிட்னிக்குக் கப்பலில் அனுப்பணும். இதில் கறக்கிறது, ஏடு எடுக்கிறது, கடையறது எல்லாத்திலும் பெரும் பங்கு பெண்களும் பிள்ளைங்களும்தான். கப்பல் ஏத்தின பிறகு விலை அவங்க கையில் இல்லை. சிட்னியில் இருக்கிற கமிஷன் ஏஜென்ட் என்ன விலை சொல்றானோ அதுதான். சரக்கு நல்லா இல்லை, மார்க்கெட் இறங்கிப் போச்சு என்று சொன்னால் இங்கே இருந்து யார் போய்ப் பார்க்கிறது? மஞ்சள் மண்டியிலும் தக்காளி மண்டியிலும் நாம கேட்காத வார்த்தையா இது?

அதனால் 1880ல் அந்தத் தென் கடற்கரை விவசாயிகள் ஒன்று சேர்ந்து, சிட்னியில் தங்கள் சரக்கைத் தாங்களே விற்க ஒரு கூட்டுறவுக் கம்பெனி தொடங்கினாங்க. பால் பதப்படுத்தறதுக்கு முன்னாடியே விற்பனையைக் கையில் எடுத்தாங்க, கவனிச்சுக்கோங்க. நாம எப்பவும் முதலில் மெஷின் வாங்கறோம், அப்புறம்தான் எங்கே விற்கிறது என்று யோசிக்கறோம். அதுக்குப் பிறகு, பாலைச் சுத்தி ஏட்டைப் பிரிக்கிற மெஷின் சுவீடன் நாட்டிலிருந்து வந்தது. கறந்த அன்றைக்கே ஏடு தனியா வந்துடும். ஆனா அந்த மெஷினை வீட்டுக்கு வீடு வாங்க முடியுமா? 1884ல் கியாமா என்ற ஊரில் எல்லாரும் பங்கு போட்டு ஒரு வெண்ணெய்த் தொழிற்சாலை திறந்தாங்க. ஆஸ்திரேலியாவிலேயே முதல் கூட்டுறவு வெண்ணெய்த் தொழிற்சாலை அதுதான். அங்கிருந்து கடற்கரையோரமா ஊர் ஊராப் பரவினது. டில்பாவுக்கு 1891ல் வந்தது. பக்கத்தில் பெகா என்ற ஊரில் 1899ல் வந்தது.

பத்து லிட்டர் பால் ஊத்தினால் ஏறக்குறைய ஒரு கிலோ சீஸ் வரும். பாலை இளஞ்சூடாக்கி, உறை ஊத்தி, கட்டினதும் கத்தியால் வெட்டி, தண்ணி வடிச்சு, உப்புப் போட்டு, அச்சில் அழுத்தி வச்சுடுவாங்க. மாசக்கணக்கில், சிலது வருஷக்கணக்கில் வைக்கலாம். விலை இறங்கின மாசத்தில் அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை. பாலை மூணு மணி நேரத்துக்குள் ஊத்தணும் என்று கேனைத் தூக்கிட்டு ஓடுகிற நமக்கு இதன் அருமை தெரியும்.

அந்தத் தொழிற்சாலையும் அப்படியே சுகமா ஓடிட்டு இருக்கலை. நடுவில் கை மாறிக் கை மாறிப் போச்சு. பிறகு 2012ல் உள்ளூரில் பால் பண்ணை வச்சிருக்கிற ஒரு குடும்பம் அதை வாங்கி, மறுபடி அங்கேயே பால் கொண்டு வந்து சீஸ் போட ஆரம்பிச்சிருக்கு. ஜெர்சி மாட்டுப் பால். நம்ம வீட்டிலும் ஜெர்சி கலப்புதானே, அதனால் கடையில் அந்தப் பாலை வாங்கி ருசி பார்த்தேன். பாட்டில் கழுத்தில் ஏடு கட்டி நிற்குது. லாக்டோமீட்டர் கையில் இருந்திருந்தால் போட்டே பார்த்திருப்பேன். கண்ணாடி வழியா உள்ளே வேலை நடக்கிறதை நின்று பார்க்கலாம். கூட்டம் கூட்டமா வந்து பார்த்து, வாங்கிட்டுப் போறாங்க. இப்ப அது கூட்டுறவு இல்லை, ஒரு குடும்பத்துத் தொழில். ஆனா கட்டடம் நிற்கிறது, அதே வேலை நடக்கிறது.

பெகா கூட்டுறவு வேற வழியில் போனது. அது வளர்ந்து வளர்ந்து, 2011ல் பங்குச் சந்தைக்குப் போய் பெரிய கம்பெனி ஆகிடுச்சு. 2017ல் வெஜிமைட் என்று அந்த நாட்டுக்காரங்க உசிரா நினைக்கிற ஒரு ரொட்டித் தடவலையும் அந்தக் கம்பெனியே வாங்கிடுச்சு. கருப்பா, உப்பா, எனக்கு அது வாயில் வைக்க முடியலை. மாட்டுக்காரங்க தொடங்கின சங்கம் அந்த அளவுக்கு வளர்ந்தது பெருமைதான். ஆனா பங்குச் சந்தையில் யார் வேண்டுமானாலும் பங்கு வாங்கலாம். மாடு வச்சிருக்கணும் என்ற கட்டாயம் இல்லை. ஆயுள் முழுக்க பால் ஊத்தின ஒருத்தருக்கு அந்தக் கம்பெனி இன்னமும் "நம்மது" என்று தோணுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இன்னொன்றும் எனக்கு உறுத்தினது. சங்கம் வந்ததும் வீட்டில் பெண்கள் கடைஞ்ச வெண்ணெய் தொழிற்சாலைக்குப் போனது. முதுகு ஒடியற வேலை குறைஞ்சது, நல்லதுதான். ஆனா தொழிற்சாலை வேலையும் நிர்வாகமும் ஆம்பளைங்க கைக்குப் போயிடுச்சு. பழைய படங்கள் பார்த்தேன். வாசலில் வரிசையா நிற்கிறது எல்லாம் மீசைக்காரங்க. சுவரில் மாட்டின அந்தப் படத்தில் ஒரு பெண்கூட இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு நம்ம ஊர் மகளிர் பால் சொசைட்டி ஞாபகம் வந்துடுச்சு. அதைக் கடைசியில் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி மலையைப் பத்திச் சொல்லணும். ஊருக்குப் பின்னாடி நிற்கிற அந்த மலை, சுமார் 800 மீட்டர் உயரம். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி எரிமலையா இருந்து அணைஞ்சது. 1770ல் கேப்டன் குக் கப்பலில் கடலோரமா வந்தப்போ, ஒட்டகத் திமில் மாதிரி இருக்குது என்று அதுக்கு டிரோமெடரி மலை என்று பேர் வச்சுட்டுப் போனார். கரையில் இறங்கிக்கூடப் பார்க்கலை, பேர் வச்சாச்சு. ஆனா அதுக்கு அதுக்கும் முன்னாடி பல்லாயிரம் வருஷமா ஒரு பேர் இருந்தது. குலாகா. அங்கத்திய பூர்வகுடி மக்களுக்கு யுயின் என்று பெயர். குலாகா அவங்களுக்குத் தாய். பெண்களுக்கு உரிய மலை.

அவங்க சொல்ற கதை இது. குலாகாவுக்கு ரெண்டு மகன்கள். பெரியவன் பேர் பரங்குபா. அவன் ஊர் பார்க்கப் போறேன் என்று கடலுக்குள் போயிட்டான். அவன்தான் கரையிலிருந்து தெரிகிற தீவு. சின்னவன் பேர் நஜனுகா. அண்ணன் போறதைப் பார்த்து, நானும் போறேன் என்றான். அம்மா விடலை. நீ சின்னவன், என் காலடியிலேயே இரு என்று வச்சுக்கிட்டாள். மலை அடிவாரத்தில் கடலைப் பார்த்தாப்பல ஒரு சின்னக் குன்று இருக்குது. அதுதான் அவன். அம்மா ரெண்டு பேரையும் பார்த்துட்டே நிற்கிறாள்.

மாப்பிள்ளை இதைப் படிச்சுச் சொல்லி முடிச்சப்போ நான் ஒன்றும் பேசலை. உங்களில் பலருக்குத் தெரியும். மூத்தவள் கடல் தாண்டிப் போனாள். சின்னவனுக்குச் சென்னையில் நல்ல காலேஜில் சீட்டுக் கிடைச்சது. அவன் அப்பா போன வருஷம் அது. நான்தான் அனுப்பலை. மாடு யார் பார்க்கிறது, நான் தனியா எப்படி இருப்பேன் என்று அழுதேன். அவன் இங்கேயே பக்கத்தில் படிச்சுட்டு, சைசிங் மில்லில் கணக்கு எழுதறான். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பாரம். ஊருக்குத் திரும்பி வந்த ராத்திரி அவனிடம் கேட்டேன், "கண்ணு, உன்னை அன்றைக்கு அனுப்பியிருக்கணுமோ?" என்று. அவன், "இப்ப எதுக்கும்மா அதெல்லாம், மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்றுட்டு எழுந்து போயிட்டான்.

நாங்க மறுநாள் கடற்கரைக்குப் போய் அந்தப் பெரிய மகனைப் பார்த்தோம். தீவில் 1881லிருந்து ஒரு கலங்கரை விளக்கம் இருக்குது. ஒரு அடி உயரமே இருக்கிற குட்டிப் பென்குயின்கள் பொழுது சாயறப்போ கடலிலிருந்து வரிசையா கரை ஏறுமாம். நீர்நாய் மாதிரி மீசை வச்ச சீல்களும் உண்டு. படகுக்கு ஆளுக்குச் சொன்ன காசைக் கேட்டதும் கரையிலிருந்தே கும்பிட்டுட்டேன். நாங்க நின்ற கரைக்குப் பேர் மர்ம விரிகுடா. 1880ல் தங்க வயலைப் பார்வையிட வந்த ஒரு நிலவியல் அதிகாரியும் கூட வந்த நாலு பேரும் அங்கே காணாமல் போனாங்க. படகு மட்டும் கிடைச்சது. என்ன ஆச்சு என்று இன்னைக்கு வரைக்கும் தெரியாது. குலாகா மலையிலும் தங்கம் எடுத்திருக்காங்க. தங்கம் தீர்ந்தது, ஆள் போயிட்டாங்க. பால் இருந்ததால் ஊர் இருந்தது.

மலையைச் சுத்தி இருக்கிற கதையில் நல்லது மட்டும் இல்லை. டில்பாவில் சீஸ் தொழிற்சாலை வந்த அதே 1891ல், பக்கத்தில் வல்லாகா ஏரிக்கரையில் பூர்வகுடிகளை ஒரு இடத்தில் அடைச்சு வைக்கிற மாதிரி அரசாங்கக் குடியிருப்பு ஒன்று அமைச்சாங்க. எங்கே போகணும், எங்கே வேலை செய்யணும் என்பதற்கெல்லாம் மேலாளர் உத்தரவு. ஒரு பக்கம் நிலம் கிடைச்சவங்க சங்கம் அமைச்சு முன்னேறினாங்க. இன்னொரு பக்கம் அந்த நிலத்தின் சொந்தக்காரங்க அதே பண்ணைகளில் அவரைக்காய் பறிக்கிற கூலியாக நின்றாங்க. அந்தச் சீஸ் நல்லா இருந்தது என்று சொல்கிற வாயால் இதையும் சொல்லணும்.

ஆனா அவங்க சும்மா இருக்கலை. அந்த ஏரிக்கரைக் குடியிருப்பு ஆட்கள் தைல மர இலையை உதட்டில் வச்சு ஊதியே பாட்டு வாசிப்பாங்க. நாம சின்னப்பிள்ளையில் பூவரச இலையைச் சுருட்டி ஊதுவோமே, அந்த மாதிரி. அந்த இலை வாத்தியக் குழு 1932ல் சிட்னிப் பாலம் திறப்பு விழாவுக்குப் போயிருக்கு. அந்தக் குழுவோடு வளர்ந்த குபூ டெட் தாமஸ் என்ற பெரியவர், பின்னாளில் அவங்க புனித மலை ஒன்றில் மரம் வெட்டறதை எதிர்த்து 1970களின் கடைசியில் போராடினார். ஏரி நடுவில் வாத்து வடிவத்தில் ஒரு தீவு இருக்குது. கருப்பு வாத்து யுயின் மக்களுக்குக் குலச்சின்னம். 1977ல் அந்தத் தீவைப் பூர்வகுடிகளுக்கு உரிய புனித இடம் என்று அரசாங்கம் அறிவிச்சது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அப்படி அறிவிச்ச முதல் இடம் அது.

2006ல் குலாகா மலையையே யுயின் மக்கள் பேரில் பத்திரம் எழுதித் திருப்பிக் கொடுத்தாங்க. அவங்க அதைத் தேசியப் பூங்காவாக அரசாங்கத்துக்குக் குத்தகைக்கு விட்டிருக்காங்க. நிர்வாகக் குழுவில் அவங்களுக்குத்தான் பெரும்பான்மை. சொந்தக்காரங்க நாங்க, வாடகைக்காரர் அரசாங்கம். இதைக் கேட்டப்போ எனக்குக் கை தட்டணும் போல இருந்தது. மலை ஏற டில்பா டில்பாவிலிருந்து பாதை போகுது. போய் வர அஞ்சு மணி நேரம். என் முழங்கால் அரை மணி நேரத்துக்குத்தான் ஒத்துழைச்சது. ஒரு வேலிக் கதவைத் தாண்டி, மாடு மேய்கிற புல்வெளி வரைக்கும் போய் உட்கார்ந்து, மலையைக் கும்பிட்டுட்டு வந்தேன்.

திரும்பற வழியில் கோபார்கோ என்ற ஊர். 2019 டிசம்பர் 31ம் தேதி காட்டுத்தீ வந்து அந்த ஊர்க் கடைவீதியில் நூறு வருஷத்துப் பழைய கடைகள் பலது எரிஞ்சு போச்சு. டில்பாவிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை. ஒரே மாதிரி பலகை வீடு, ஒரே மாதிரி தெரு. இது நிற்குது, அது வெறும் இடமாப் போச்சு.

இப்ப நம்ம சொசைட்டிக்கு வர்றேன். எங்க ஊர் மகளிர் பால் சொசைட்டி எப்படி மூடினது என்று இங்கே இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். பேருதான் மகளிர் சொசைட்டி. பால் ஊத்தினது நாங்க, பாஸ்புக் வீட்டுக்காரர் பேரில். கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எப். எவ்வளவு என்று சீட்டில் எழுதறதை நாங்க ஒரு நாளும் கேட்கலை. வருஷக் கூட்டத்துக்குக் கையெழுத்து வீட்டுக்கே வரும், போட்டுக் கொடுத்தோம். போனஸ் வரலை என்று தெரிஞ்சப்போ கணக்கு நோட்டே இல்லை. அப்ப பொறுப்பில் இருந்தவங்களைக் குத்தம் சொல்ல நான் இங்கே வரலை. நானும் அந்த நிர்வாகக் குழுவில் ஒரு உறுப்பினர்தான். தீர்மான நோட்டில் என் கையெழுத்தும் இருக்குது. படிக்காமல் போட்டது.

அந்தக் கட்டடம் இன்னமும் நிற்குது. ஓடு பாதி போச்சு, சுவர் நல்லா இருக்குது. சிமெண்டுத் தொட்டி இருக்குது. உள்சுவரில் கருப்புப் பெயிண்டில் அடிச்ச பலகையில் கடைசியா பால் ஊத்தினவங்க பேரும் லிட்டரும் சாக்பீஸில் எழுதினது இன்னும் லேசாத் தெரியுது. என் மாமியார் பேர் அதில் இருக்குது, நாலரை லிட்டர். ஊராட்சியில் அதை இடிச்சுட்டு கடை கட்டி வாடகைக்கு விடலாம் என்று பேச்சு நடக்குது. கூட்டமைப்பு எழுதிக் கேட்டால் நமக்கே கொடுக்கவும் வாய்ப்பு இருக்குது என்று தலைவி அக்கா விசாரிச்சு வச்சிருக்காங்க. சாயந்திரம் பொதுக்குழுவில் அது தீர்மானத்துக்கு வருது.

சீஸ் போடலாம் என்று நான் சொல்லலை, பயந்துடாதீங்க. பன்னீர் போடலாம், நெய் உருக்கலாம், ஒன்றும் இல்லாட்டி நம்ம சரக்கை வச்சு விற்க சனிக்கிழமைச் சந்தையாவது நடத்தலாம். ஆனா எதைத் தொடங்கினாலும் எங்கே விற்கப் போறோம் என்பதை முதலில் எழுதி வைங்க. பாஸ்புக் பால் ஊத்தற பொம்பளை பேரில் இருக்கணும். கணக்கை மாசா மாசம் உரக்கப் படிக்கணும். படிக்கத் தெரியாதவங்களுக்கும் காது இருக்குது. இந்த மூணும் தீர்மானத்தில் எழுதினால்தான் நான் கையெழுத்துப் போடுவேன். இந்தத் தடவை படிச்சுட்டுப் போடுவேன்.

பத்து நிமிஷம் என்றாங்க, அரை மணி ஆகிடுச்சு. சாப்பாடு ஆறுது. சொசைட்டிக் கட்டடத்துச் சாவி இன்னமும் என்கிட்டத்தான் இருக்குது, முந்தானையில் முடிஞ்சு கொண்டு வந்திருக்கேன். சாப்பிட்டதும் பார்க்கணும் என்கிறவங்க என்னோடு வாங்க, நடந்தே போயிடலாம். ஓடு தலையில் விழும், பார்த்து வரணும்.